நாராயண்கர் மேடையில் கோர்க்கப்பட்ட கைகள்

2024 செப்டம்பர் 30. ஹரியானாவின் அம்பாலா மாவட்டத்திலுள்ள நாராயண்கரில் காங்கிரஸ் கட்சியின் பிரச்சாரக் கூட்டம். வாக்குப்பதிவுக்கு ஐந்து நாட்களே எஞ்சியிருந்தன. மேடையில் நின்ற ராகுல் காந்தி, முன்னாள் முதலமைச்சர் பூபிந்தர் சிங் ஹூடாவின் கையையும் சிர்சா நாடாளுமன்ற உறுப்பினர் குமாரி செல்ஜாவின் கையையும் பிடித்து ஒன்றாகச் சேர்த்துவைத்தார். மாநிலக் காங்கிரசின் உட்பூசல் தீர்ந்துவிட்டது என்பதற்கு அந்தப் படமே சான்று என்று கட்சியின் செய்தித் தொடர்பாளர்கள் கூறினர்.

அக்டோபர் 8 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன. 90 இடங்களில் பாஜக 48, காங்கிரஸ் 37. வாக்கு விகிதம் பாஜகவுக்கு 39.94, காங்கிரசுக்கு 39.09. மாநிலம் முழுவதிலும் இரண்டு கட்சிகளுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 1.18 லட்சம் வாக்குகள். பத்தாண்டு ஆட்சியால் மக்களின் வெறுப்பைச் சம்பாதித்திருந்த ஒரு கட்சி, மூன்றாவது முறையாகத் தொடர்ந்து அரியணை ஏறியது. ஹரியானாவில் இதற்கு முன் எந்தக் கட்சிக்கும் வாய்க்காத பேறு அது.

இந்தத் தோல்வியை இரு தலைவர்களின் தன்முனைப்பால் விளைந்த விபத்தாகச் சித்தரித்து முதலாளித்துவ ஏடுகள் கதையை முடித்துக்கொண்டன. கோஷ்டிப் பூசல் என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூட்டைகட்டி வைப்பது எளிது. ஆனால் அந்த மூட்டைக்குள் என்ன இருந்தது என்பதை இடதுசாரி ஊழியர்கள் பிரித்துப் பார்த்தாக வேண்டும். ஏனெனில் அந்தத் தேர்தல் களத்தைப் பண்படுத்தியது காங்கிரஸ் அன்று. விவசாயிகளும் தொழிலாளர்களும் பெண்களும் நடத்திய போராட்டங்களே அதைப் பண்படுத்தின. உழுதவர் ஒருவர், அறுவடையைப் பாழாக்கியவர் வேறொருவர்.

2020 நவம்பர் 26 முதல் ஓராண்டுக்கும் மேலாக தில்லியின் எல்லைகளில் விவசாயிகள் முகாமிட்டிருந்தனர். சிங்கு எல்லை சோனிபட்டை ஒட்டியது. திக்ரி எல்லை பகதூர்கரை ஒட்டியது. இரண்டுமே ஹரியானா மண்ணோடு கலந்தவை. எழுநூறுக்கும் மேற்பட்டோர் உயிர்நீத்த அந்தப் போராட்டத்தின் முன் மோடி அரசு பணிந்து மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெற்றது. 2022இல் அக்னிபாத் திட்டம் வந்தபோது, படையில் சேர்வதையே வாழ்வின் வழியாகக் கொண்டிருந்த ஹரியானா கிராமத்து இளைஞர்கள் தெருவுக்கு வந்தனர். 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் ஜந்தர் மந்தரில் நீதி கேட்டு அமர்ந்தனர். அதே ஆண்டு ஆஷா ஊழியர்கள் எழுபது நாட்களுக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தனர். 2024 மக்களவைத் தேர்தலில் இதன் பலன் தெரிந்தது. 2019இல் பத்துக்குப் பத்தையும் வென்றிருந்த பாஜக ஐந்தாகக் குறைந்தது. காங்கிரஸ் ஐந்தை வென்றது. தனித் தொகுதிகளான அம்பாலாவும் சிர்சாவும் அந்த ஐந்தில் அடக்கம்.

அதற்கு முன்பே, 2024 மார்ச்சில், பாஜக தன் முதலமைச்சர் மனோகர் லால் கட்டரை இரவோடிரவாக மாற்றி நாயப் சிங் சைனியை அமர்த்தியிருந்தது. ஆளுங்கட்சியின் அச்சத்தை அதைவிட வெளிப்படையாகக் காட்டும் செயல் இருக்க முடியாது. ஜூன் மாதத்தில் ஹரியானா காங்கிரஸ் தலைவர்கள் வெற்றியை உறுதி என்று முடிவுகட்டிவிட்டார்கள். வெற்றி உறுதி என்று எண்ணிய அந்த நொடியிலிருந்து, யார் முதலமைச்சர் என்பதொன்றே அவர்களுக்குக் கேள்வியாக எஞ்சியது.

இரண்டு யாத்திரைகள்

2024 ஜூலையில் ஹூடாவின் மகனும் ரோத்தக் நாடாளுமன்ற உறுப்பினருமான தீபேந்தர் ஹூடா ‘ஹரியானா கணக்குக் கேட்கிறது’ என்ற பெயரில் யாத்திரை புறப்பட்டார். அதே மாத இறுதியில் செல்ஜா நகர்ப்புறங்களை நோக்கித் தனியே ‘காங்கிரஸ் சந்தேஷ் யாத்திரை’ தொடங்கினார். அதன் சுவரொட்டியில் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர் ஹூடாவின் படமும் இல்லை, மாநிலத் தலைவர் உதய் பானின் படமும் இல்லை. ஒரே கட்சி, ஒரே சின்னம், ஒரே மாதம், இரண்டு ஊர்வலங்கள்.

இரண்டு யாத்திரைகளும் கொள்கையில் எங்கே வேறுபட்டன என்று தேடினால் கிடைப்பது வெறுமைதான். குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றி இரண்டும் ஒன்றையே பேசின. 2005 ஜூலை 25 அன்று குர்கானில் ஹோண்டா தொழிலாளர்களின் மண்டையை உடைத்தது ஹூடா ஆட்சியின் காவல்துறை. 2012 ஜூலை 18 நிகழ்வுக்குப் பிறகு மானேசர் மாருதி தொழிலாளர்கள் 148 பேரைச் சிறையில் அடைத்து, ஆண்டுக்கணக்கில் பிணையின்றி வாட வைத்தது அதே ஆட்சி. விளைநிலங்கள் வீட்டுமனை முதலாளிகளின் கைக்குப் போனதும் அந்தப் பத்தாண்டுகளில்தான். அந்த வரலாற்றைப் பற்றி ஹூடா தரப்பு பேசாததில் வியப்பில்லை. எதிர்த்தரப்பும் பேசவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. அந்தப் பத்தாண்டுகளின் பெரும்பகுதியில் செல்ஜா மத்திய அரசில் அமைச்சராக இருந்தவர். குர்கான் தொழிற்சாலைகளின் வாயிலில் நிற்பவனுக்கு இந்த இரண்டு யாத்திரைகளில் எது வந்தாலும் ஒன்றுதான்.

ஆகவே சண்டை வேட்பாளர் பட்டியலுக்காக நடந்தது. ஹூடா, செல்ஜா, ரண்தீப் சுர்ஜேவாலா, கிரண் சௌத்ரி ஆகியோர் ஒவ்வொரு தொகுதியிலும் தத்தம் ஆட்களை வைத்திருந்தனர். கிரண் சௌத்ரி, முன்னாள் முதலமைச்சர் பன்சிலாலின் மருமகள். தம் மகளுக்கு மக்களவைத் தேர்தலில் வாய்ப்பு மறுக்கப்பட்டதும் ஜூன் மாதமே பாஜகவுக்குப் போய்விட்டார். ஆகஸ்டில் மாநிலங்களவை உறுப்பினரானார். இன்னொரு முன்னாள் முதலமைச்சர் பஜன்லாலின் மகன் குல்தீப் பிஷ்னோய், மாநிலத் தலைவர் பதவி கிடைக்காத மனக்குறையால் 2022இலேயே அதே பாதையில் போயிருந்தார். செப்டம்பரில் இறுதியான 89 பேர் பட்டியலில் மிகப் பெரும்பான்மையினர் ஹூடாவின் தெரிவு என்பது ஊரறிந்த செய்தி. சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட விரும்பிய செல்ஜாவிடம், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வாய்ப்பில்லை என்று தலைமை சொல்லிவிட்டது. அவர் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பிரச்சாரத்திலிருந்து விலகியிருந்தார். செப்டம்பர் 26 அன்று அசந்த் தொகுதியில் ராகுல் காந்தி பேசிய கூட்டத்தில்தான் மீண்டும் மேடையேறினார். அசந்தில் காங்கிரஸ் தோற்றது.

இங்கே ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. 1967இல் ஹரியானா சட்டமன்ற உறுப்பினர் கயா லால் இரண்டு வாரங்களுக்குள் மும்முறை கட்சி மாறினார். ‘ஆயா ராம், கயா ராம்’ என்ற தொடர் இந்திய அரசியல் அகராதியில் ஏறியது அவரால்தான். 2024இல் காங்கிரசின் மாநிலத் தலைவராக இருந்த உதய் பான் அவருடைய மகன். இதில் மகனின் குற்றம் ஏதுமில்லை. மரபின் தொடர்ச்சியைச் சுட்டுவதற்காகவே இச்செய்தி. முன்னாள் மாநிலத் தலைவர் அசோக் தன்வர் 2019இல் காங்கிரசை விட்டு, திரிணாமுல், ஆம் ஆத்மி, பாஜக என்று சுற்றிவந்தார். 2024 மே மாதம் சிர்சாவில் பாஜக வேட்பாளராக நின்று செல்ஜாவிடம் தோற்றார். அக்டோபர் 3 அன்று முற்பகலில் பாஜகவுக்கு வாக்குக் கேட்டவர், பிற்பகலில் ராகுல் காந்தியின் மேடையில் காங்கிரசில் சேர்ந்தார். கயா லாலுக்காவது இரண்டு வாரம் தேவைப்பட்டது.

பூசலுக்கு அடியில் புதைந்த கேள்வி

இதோடு நிறுத்திக்கொண்டால் பகுப்பாய்வு பாதியில் நின்றுவிடும். செல்ஜா தலித் சமூகத்தைச் சேர்ந்தவர். ஹூடா ஜாட் சமூகத்தின் பெருந்தலைவர். நார்னௌந்த் தொகுதியில் காங்கிரஸ் ஆதரவாளர் ஒருவர் செல்ஜாவைச் சாதியின் பெயரால் இழிவுபடுத்திப் பேசிய காணொளி செப்டம்பரில் மாநிலமெங்கும் பரவியது. வழக்குப் பதிவானது, ஹூடா கண்டித்தார். எனினும் அந்த ஒரு பேச்சு, தலித் மக்களின் நினைவில் உறைந்திருந்த இரண்டு ஊர்ப் பெயர்களை மீண்டும் எழுப்பியது.

ஒன்று கோஹானா. 2005இல் அங்கே தலித் குடியிருப்பு கொளுத்தப்பட்டது. மற்றொன்று மிர்ச்பூர். 2010 ஏப்ரல் 21 அன்று அங்கே எழுபது வயது முதியவரும் மாற்றுத்திறனாளியான அவர் மகளும் உயிரோடு எரிக்கப்பட்டனர். தலித் குடும்பங்கள் பல ஊரைவிட்டே வெளியேறின. இரண்டும் ஹூடா ஆட்சியில் நடந்தவை. அந்த மக்களுக்கு அரசு எவ்வளவு நீதி வழங்கியது என்பதை மிர்ச்பூர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்து தெரிந்துகொண்டன. வயல்வெளியில் நிலமற்ற தலித் தொழிலாளிக்கும் நிலமுள்ள ஜாட் விவசாயிக்கும் இடையே கூலி, குளம், பொது நிலம் என்று ஒவ்வொன்றிலும் முரண்பாடு உண்டு. வேளாண் சட்டங்களுக்கு எதிரான போராட்டம் அந்த முரண்பாட்டைத் தற்காலிகமாகப் பின்னுக்குத் தள்ளியது, தீர்க்கவில்லை.

‘தலைமை யாருக்கு’ என்ற கேள்விக்குள் இந்தச் சமூகக் கேள்வி ஒளிந்திருந்தது. மாநிலத்தின் மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் தலித்துகள். அவர்கள் அறிய விரும்பியது எளிமையான ஒன்று: காங்கிரஸ் ஆட்சி திரும்பினால் மிர்ச்பூரும் திரும்புமா? கட்சி இதற்கு நேர்மையாக விடை சொல்லியிருக்க வேண்டும். கொடுமைகள் பற்றிய வெளிப்படையான சுயவிமர்சனம், வன்கொடுமை வழக்குகளுக்கான உறுதிமொழி, கிராமப் பொது நிலத்தில் தலித்துகளின் உரிமை பற்றிய திட்டவட்டமான வாக்குறுதி என்று வழிகள் இருந்தன. கட்சித் தலைமையோ அதை இரண்டு தனிமனிதர்களின் மனத்தாங்கலாகக் கருதி, சமரசம் செய்துவைக்கப் புறப்பட்டது. கைகளைக் கோர்த்தால் போதும் என்று நினைத்தது.

அந்த வெற்றிடத்தில் பாஜக நுழைந்தது. செல்ஜாவைத் தங்கள் கட்சிக்கு வருமாறு கட்டர் பகிரங்கமாக அழைத்தார். கோஹானாவையும் மிர்ச்பூரையும் பாஜக மேடைகள் திரும்பத் திரும்ப உச்சரித்தன. உனாவிலும் ஹத்ராசிலும் தலித்துகளுக்கு நேர்ந்ததை நாடறியும். ஆயினும் வஞ்சகத்தோடு கேட்கப்பட்டாலும் கேள்வி கேள்விதானே. உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1 அன்று பட்டியல் சாதி உள்வகைப்பாட்டை அனுமதித்தது. அடுத்த சில நாட்களிலேயே சைனி அமைச்சரவை அதற்கான பரிந்துரையை ஏற்றது. காங்கிரஸ் அது பற்றி வாய்திறக்காமல் கடந்துபோனது. மாநிலத்தின் 17 தனித் தொகுதிகளில் காங்கிரஸ் 9, பாஜக 8. நான்கு மாதங்களுக்கு முன்பு இரண்டு தனி மக்களவைத் தொகுதிகளையும் இழந்திருந்த கட்சி எட்டுச் சட்டமன்றத் தொகுதிகளை வென்றது. ஹோடல் தனித் தொகுதியில் மாநிலத் தலைவர் உதய் பானே தோற்றார்.

கிளையற்ற மரம்

பாஜகவில் பூசல் இல்லாமல் இல்லை. அனில் விஜ் தம்மை முதலமைச்சர் பதவிக்கு உரியவர் என்று வெளிப்படையாக அறிவித்தார். வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் அங்கும் போட்டி வேட்பாளர்களாக நின்றனர். அங்கே பூசல்கள் மேலிருந்து ஆணையால் அடக்கப்படுகின்றன. அதை உட்கட்சி ஜனநாயகம் என்று எவரும் தவறாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் தலைவர்கள் மோதிக்கொண்டிருக்கும்போதே கீழே ஆர்எஸ்எஸ் அமைப்பு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது.

காங்கிரசுக்குக் கீழே என்ன இருந்தது? ஒன்றுமில்லை என்பதுதான் உண்மை. 2014க்குப் பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாக ஹரியானா காங்கிரசில் மாவட்டத் தலைவர்களே நியமிக்கப்படவில்லை. எந்த மாவட்டம் எந்தத் தலைவரின் ஆளுக்கு என்பதில் உடன்பாடு எட்டாததால் பதவிகள் காலியாகவே கிடந்தன. உட்பூசல் அமைப்பை உண்டது. அமைப்பு இல்லாததால் பூசல் மட்டுமே கட்சியானது. மாவட்டக் குழு இல்லாத கட்சியில் வேட்பாளரை யார் விவாதித்திருப்பார்கள்? அதிருப்தியாளரை யார் அழைத்துப் பேசியிருப்பார்கள்?

விளைவைத் தொகுதிதோறும் காணலாம். அம்பாலா கண்டோன்மென்டில் வாய்ப்பு மறுக்கப்பட்டுச் சுயேச்சையாக நின்ற சித்ரா சர்வாரா இரண்டாம் இடம் பெற்றார். காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் மூன்றாமிடம். வென்றவர் அனில் விஜ். திக்ரி எல்லையை ஒட்டிய பகதூர்கரில் காங்கிரஸ் அதிருப்தியாளர் ராஜேஷ் ஜூன் சுயேச்சையாக நின்று வென்றார். ஜீந்த் மாவட்டத்தின் உசானா கலான், விவசாயிகள் இயக்கத்தின் கோட்டைகளுள் ஒன்று. அங்கே காங்கிரஸ் வேட்பாளர் பிரிஜேந்திர சிங் தோற்றது 32 வாக்குகளில். அதே தொகுதியில் நின்ற காங்கிரஸ் அதிருப்தியாளர் பெற்றது ஆயிரக்கணக்கான வாக்குகளை.

2025 நவம்பரில் ராகுல் காந்தி ஹரியானா வாக்காளர் பட்டியலில் சுமார் 25 லட்சம் போலிப் பதிவுகள் இருந்தன என்று ஆவணங்களை முன்வைத்துக் குற்றஞ்சாட்டினார். ஒரே பெண்ணின் படம் பல பெயர்களில் இடம்பெற்றிருந்ததை நாடே பார்த்தது. அக்குற்றச்சாட்டுக்குத் தேர்தல் ஆணையம் முழுமையான விசாரணை மூலம் விடையளிக்கக் கடமைப்பட்டது. ஆணையத்தின் நடுநிலை பற்றிய ஐயம் இடதுசாரிக் கட்சிகளுக்கும் உண்டு. ஆனால் ஆணைய வட்டாரங்கள் திருப்பிக் கேட்ட கேள்வி சங்கடமானது: பட்டியல் வெளியானபோது காங்கிரசின் வாக்குச்சாவடி முகவர்கள் என்ன செய்தார்கள்? பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் உத்தியாகவே அது கேட்கப்பட்டது. எனினும், பட்டியலின் ஒவ்வொரு பக்கத்தையும் தெருவில் வைத்துச் சரிபார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பயிற்சி தர ஒரு குழு வேண்டும். மாவட்டத் தலைவரே இல்லாத கட்சியில் முகவரை யார் கேள்வி கேட்பது? தேர்தல் மோசடியை எதிர்ப்பதும் அமைப்பைக் கட்டுவதும் இரண்டு வேறு வேலைகள் அல்ல.

இடதுசாரிகளின் கணக்கு

காங்கிரசின் குறைகளை அடுக்குவதில் ஒரு சுகம் உண்டு. அதில் ஆழ்ந்து நம் கணக்கை மறந்துவிடலாகாது. 2024 ஹரியானா தேர்தலில் காங்கிரஸ் ஒரே ஒரு தொகுதியை, பிவானியை, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்கு விட்டுத்தந்தது. தோழர் ஓம் பிரகாஷ் போட்டியிட்டார், பாஜகவே வென்றது. பல்லாயிரம் ஆஷா, அங்கன்வாடி ஊழியர்களையும் விவசாயிகளையும் திரட்டிய இயக்கங்கள் வலுவாக உள்ள மாநிலத்தில், அந்த வலு கூட்டணிப் பேச்சுவார்த்தை மேசையில் ஒரு நாற்காலிக்கு மேல் பெற்றுத்தரவில்லை.

பெகோவா தொகுதி இன்னும் கசப்பான செய்தியைச் சொல்கிறது. தில்லி எல்லைப் போராட்டத்தின் முகங்களில் ஒருவரான விவசாயச் சங்கத் தலைவர் குர்னாம் சிங் சருனி தம் சொந்தக் கட்சியின் சார்பில் அங்கே நின்று வைப்புத்தொகையை இழந்தார். போராட்டத்தில் தோளோடு தோள் நின்றவர்கள் வாக்குச்சாவடியில் சாதியாகவும் பழைய கட்சியாகவும் பிரிந்துபோகிறார்கள். இதற்கு மாறான காட்சி அண்டை மாநிலத்தில் உண்டு. ராஜஸ்தானின் சீகரில் 2024 மக்களவைத் தேர்தலில் தோழர் அம்ரா ராம், இந்தியா கூட்டணியின் வேட்பாளராக நின்று வென்றார். அங்கே தண்ணீருக்கும் மின்கட்டணத்துக்கும் பயிர் விலைக்கும் பல பத்தாண்டுகள் நடந்த போராட்டங்களை ஒட்டியே கட்சிக் கிளைகளும் வளர்ந்தன. கிராமத்துக்கு வரும் தலைவரைப் பெயர் சொல்லி அழைக்கும் உறவு அங்கே உண்டு. காங்கிரஸ் வாக்குகளும் அதனோடு சேர்ந்தன. கூட்டணி மட்டும் சீகரை வெல்லவில்லை. கூட்டணி இல்லாமலும் வென்றிருக்க முடியாது.

மதவெறி ஆட்சியை வீழ்த்தப் பரந்த ஒற்றுமை தேவை என்பதில் இடதுசாரிகளுக்குள் இன்று கருத்து வேறுபாடு குறைவு. ஆனால் கூட்டணிக் கட்சியின் வீட்டுச் சண்டை அதன் சொந்த விவகாரம், அதில் கருத்துச் சொல்வது நாகரிகமன்று என்ற மௌனம் இனியும் தகுமா என்பது பேசப்பட வேண்டியது. ஹரியானாவில் தோற்றது காங்கிரஸ் மட்டுமன்று. தில்லி எல்லையில் பனியில் கிடந்தவர்களின் நம்பிக்கையும் அதோடு தோற்றது. மிர்ச்பூர் பற்றியும் மாருதி தொழிலாளர்கள் பற்றியும் நிலைப்பாடு என்ன என்று, தொகுதி எண்ணிக்கையைக் கேட்கும் அதே மேசையில், காங்கிரசைக் கேட்கும் உரிமை கூட்டணித் தோழமைக்கு உண்டு. ஒரு தொகுதி மட்டுமே கிடைத்தாலும் அந்த உரிமை குறைவதில்லை.

தேர்தலுக்குப் பின் நடந்தவை இவை. ஹரியானா சட்டமன்றம் ஏறத்தாழ ஓராண்டு எதிர்க்கட்சித் தலைவர் இல்லாமலே கூடிக் கலைந்தது; அந்தப் பதவி யாருக்கு என்பதில் காங்கிரசால் முடிவுக்கு வர இயலவில்லை. 2025 ஆகஸ்டில், பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, மாவட்டத் தலைவர்கள் அறிவிக்கப்பட்டனர். செப்டம்பர் இறுதியில் ஹூடா மீண்டும் சட்டமன்றக் கட்சித் தலைவரானார். மாநிலத் தலைவர் பதவி ராவ் நரேந்தர் சிங்குக்குப் போனது. அக்டோபரில், 32 வாக்குகளில் தோற்ற பிரிஜேந்திர சிங், ஜீந்த் மாவட்டத்திலிருந்து ‘சத்பாவ் யாத்திரை’ என்ற பெயரில் மாநிலத்தைச் சுற்றப் புறப்பட்டார். ஹரியானா காங்கிரசின் கணக்கில் அது மூன்றாவது யாத்திரை.